கல்லும் சீட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள ஊர் சேரப்பணஞ்சேரி. ஏரி நீரால் நெல் விளைந்த அவ்வட்டாரம் இன்று ஊர்தித் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்று விளங்குகின்றது. திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் புதிய கட்டடங்கள் எழுந்த வண்ணம் உள்ளன. கடைக்கால் தோண்டும் இடங்களில் மண் மேடு மேடாகக் குவிகின்றது. அம்மேடுகளில் செந்நிறப் பரலும், வெள்ளை வெங்கச்சங்கல்லும், கருங்கற் சில்லும் கலந்து கிடக்கும். வேலைக்குச் செல்வோர் அவற்றை மிதித்துச் செல்வர். லாரிகள் அவற்றை வாரிச் சென்று பள்ளம் தூர்க்கும்.

அவை போன்ற கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அங்கே அவை கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருவோர் அவற்றை உற்று நோக்குகின்றனர். வழியிற் கிடக்கும் கல்லுக்கும் பேழையில் உள்ள கல்லுக்கும் வேற்றுமை யாது? அழகா? விலையா? அருமையா? பலபோது இவற்றுள் எதுவும் அன்று. பேழையில் உள்ள கல்லுக்கு ஒரு சிறு சீட்டு உண்டு. வழியிற் கிடக்கும் கல்லுக்கு அஃது இல்லை. வேற்றுமை அவ்வளவே.

அச்சீட்டில் இன்றியமையாது எழுதத்தக்கவை மூன்று. கல் கிடைத்த இடம் ஒன்று. கிடைத்த நாள் மற்றொன்று. எடுத்தவர் பெயர் இன்னொன்று. கல்லின் பெயரையும் எழுதுதல் நன்று. ஆயினும் அதனைப் பின்னரும் எழுதிக்கொள்ளலாம். இக்கூற்று சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பெயர் தெரியாத பொருளைச் சேர்த்து வைப்பதால் பயன் என்ன என்று அவர்கள் வினவலாம். பெயர் இன்று தெரியாவிடின் நாளை தெரிந்துகொள்ளலாம். கற்களைக் கற்றவர் ஒருவர் அதனைக் கீறிப் பார்த்துக் கடினத்தை அறிவார். நீரில் நிறுத்துச் செறிவை அறிவார். மெல்லிய ஏடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து உள்ளமைப்பை அறிவார். அந்த அறிவெல்லாம் கல்லுக்குள்ளேயே இருக்கின்றது. ஆனால், அக்கல் எந்த ஊரில், எந்தக் குன்றின் எந்தச் சரிவில், எத்தனை அடி ஆழத்திற் கிடந்தது என்பதை எடுத்தவன் ஒருவனே உறுதியாக அறிவான். அவன் எழுதாது விட்டால் அச்செய்தி அவனோடு மறைந்துபோம். பின்னர் எத்துணைப் பெரிய அறிஞர் வந்தாலும் அதனை மீட்டுத் தருதல் அரிது.

இவ்வுண்மையை விளக்க ஒரு தமிழ்ச் சொல்லின் வரலாறே போதும். அச்சொல் குருந்தம் என்பது. குருந்தக் கல் வைரத்திற்கு அடுத்த கடினம் உடையது. அதனைப் பொடித்து அரக்கோடு கலந்து சாணை செய்து, மணிகளை மெருகிடும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கல் சென்னையிலிருந்து கப்பலேறி இலண்டன் மாநகரை அடைந்தது. அங்கே சார்லஸ் கிரெவில் என்பார் கனிமங்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். கைக்கு வந்த கல்லைக் கண்டு மகிழ்ந்ததோடு அவர் நின்றாரல்லர். இக்கல் எங்கே பிறந்தது என்று அறிய விழைந்தார். கடல் கடந்து கேள்வி அனுப்பினார். இந்தியாவில் இருந்தோரின் துணையை நாடினார். கொங்கு நாட்டில் பரமத்தியைச் சூழ்ந்த நிலத்தில் அது தோண்டி எடுக்கப்படுகின்றது என்னும் செய்தி அவருக்கு எட்டியது. தாம் அறிந்தவற்றையெல்லாம் தொகுத்து, 1798 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் வெளியீட்டில் கட்டுரையாக எழுதினார். தமிழர் வழங்கிய குருந்தம் என்னும் பெயரே சிறிது திரிந்து 'கொரண்டம்' என்று உலக அறிவியலில் நிலைபெற்றது.

1802 ஆம் ஆண்டில் போர்னோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் குருந்தத்தை ஆராய்ந்து, செக்கச் சிவந்த மாணிக்கமும், நீல மணியும், நிறம் மங்கிய குருந்தமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று விளக்கினார். அவர் மற்றொன்றும் செய்தார். குருந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வெண்ணிறத் தாய்க்கல்லையும் விடாது நோக்கி, அதன் இயல்புகளையும் எழுதி வைத்தார். மணியை நாடுவோர் தாய்க்கல்லை உடைத்தெறிவர். அறிவை நாடுவோர் அதனையும் போற்றுவர். அத்தாய்க்கல் பிற்காலத்தில் 'இந்தியனைட்' என்று பெயர் பெற்றது. அது அனார்த்தைட் என்னும் கனிமத்தின் வகையாம். கிரெவில் 1809 ஆம் ஆண்டில் இறந்தார். மறு ஆண்டில் அவருடைய தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

அத்தாய்க்கல்லின் கதை அதனோடு முடிந்துவிடவில்லை. பரமத்திக்கு அண்மையில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டி என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பாறைத் தொகுதியை நிலவியல் அறிஞர் அ. பி. சுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அனார்த்தைட் நிறைந்த அனார்த்தோசைட் என்னும் வெண்பாறை அங்கே மிகுதியாக உண்டு. 1969 முதல் 1972 வரை அமெரிக்க விண்வெளி வீரர் நிலவிலிருந்து கற்களைக் கொண்டுவந்தனர். நிலவின் மேட்டு நிலம் பெரும்பாலும் அத்தகைய பாறையால் ஆனது என்பது அதன்பின் தெளிவாயிற்று. பல்லாண்டுகள் கழிந்தன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் நிலத்திலேயே ஓட்டிப் பார்க்க விரும்பியது. அதற்கு நிலவு மண்ணை ஒத்த மண் வேண்டும். சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் பாறையைப் பொடித்து அம்மண்ணை ஆக்கினர். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. சாணைக்கல் தேடியவர் உடைத்தெறிந்த பாறையின் இனம், நிலவுப் பயணத்திற்கு ஒத்திகைக் களமாயிற்று. இப்பாறை இன்ன ஊரில் உண்டு என்று முன்னையோர் எழுதி வைத்திராவிடில், வேண்டிய பொழுது அதனை எங்கே சென்று தேடுவது?

நிலவுக் கற்களைச் சேர்த்த முறையும் இங்கு எண்ணத்தக்கது. ஆறு பயணங்களில் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 382 கிலோ எடையுள்ள கல்லும் மண்ணும். வீரர்கள் இயன்றவரை ஒவ்வொரு கல்லையும் எடுக்கும் முன்னர், அது கிடந்த நிலையிலேயே படம் பிடித்தனர். எண்ணிட்ட பையில் இட்டனர். பல கோடி செலவிட்டுச் சென்றவர்களும் சீட்டை மறக்கவில்லை என்பதைக் கருத வேண்டும்.

சீட்டை இழந்த கல் ஒன்று தன் உறவினரை மீண்டும் கண்ட கதையும் உண்டு. கல்கத்தாவில் தூய யோவான் கோவில் வளாகத்தில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை இருக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது அது. கல்லறை மேல் இட்ட பலகைக் கல்லில் இறந்தவர் பெயர் இருந்தது. கல்லின் ஊர் இல்லை. கல்கத்தா நகரமோ வண்டல் மண்ணின்மேல் அமைந்தது. அங்கே மலையும் இல்லை, பாறையும் இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக எவரும் அக்கல்லின் பிறப்பிடத்தை வினவவில்லை. 1893 ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு அதனைக் கண்டு ஆராய்ந்தார். சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களில் உள்ள கருங்கல்லும் அதுவும் ஒரே இனம் என்று அறிந்தார். அப்பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்லறைக்கு உரியவர் பெயர் கல்லுக்கு அமைந்தது. தென்னாட்டு மலைகள் பலவும், இலங்கை, அண்டார்ட்டிகா போன்ற நிலங்களின் பாறைகளும் இன்று அப்பெயரால் வழங்குகின்றன. பரங்கிமலைப் பாறை நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. இஃது ஒரு நற்பேறு என்றே சொல்லல் வேண்டும். பல்லாவரத்துப் பாறை முன்னரே அறியப்பட்டிருந்தமையால் ஒப்பு நோக்க இயன்றது. எல்லாக் கல்லுக்கும் ஒரு ஹாலண்டு வாய்ப்பதில்லை.

அதே பல்லாவரத்தில் மற்றொரு பெருஞ்செயலும் நிகழ்ந்தது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள், படைப் பயிற்சித் திடலருகே சரளை தோண்டிய பள்ளத்தின் பக்கம் கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அதன் விளிம்பு இயற்கையாக உடைந்தது போல் இல்லை. மனிதன் செதுக்கியது போல் இருந்தது. அதுவே இந்தியாவின் பழங்கற்கால மனிதனைக் காட்டிய முதற் கருவி என்பர். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றுப் பகுதியில் அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். ஃபூட் பல்லாண்டுகள் தென்னாடு முழுவதும் நடந்தார். எடுத்த பொருளுக்கெல்லாம் இடம் குறித்தார். 1904 ஆம் ஆண்டில் அவர் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் விரிவான பட்டியல் 1914 ஆம் ஆண்டில், அவர் மறைந்த பின்னர், நூலாக வெளிவந்தது.

ஃபூட் வாழ்ந்த காலத்தில் ஒரு கற்கருவியின் வயதை எண்ணால் கூறும் வழி இல்லை. அவர் அதனைக் கூறவும் முற்படவில்லை. கிடைத்த இடத்தையும் மண்ணடுக்கையும் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் அக்குறிப்பைக் கொண்டு அதிரம்பாக்கத்தை அடைந்தனர். சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே முறையாக அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒருவர் எழுதிய இடக்குறிப்பு, அவர் கேட்க இயலாத கேள்விக்கு, அவர் காணாத நூற்றாண்டில் விடை தேட வழிகாட்டியது. சீட்டின் பெரும்பயன் இதுவே. தொகுப்பவன் தன் காலத்திற்காக மட்டும் தொகுப்பதில்லை.

இனி, பழைய சுரங்கங்களை நோக்கினால் சீட்டின் அருமை இன்னும் நன்கு விளங்கும். கோலார் தங்கவயல் அத்தகையது. அங்கே வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நிலத்தின் கீழ் உழைத்தனர். சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் அது மூடப்பட்டது. இறைப்பார் இன்மையால் ஆழத்துச் சுரங்க வழிகளில் நீர் நிறைந்தது. அங்கு உழைத்தவர் ஒருவர் வீட்டில் வெள்ளைக் கல்லில் மஞ்சட் பொறி மின்னும் தாதுத் துண்டு ஒன்று இருந்து, இன்ன சுரங்கத்தில் இத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று அதனோடு எழுதியும் இருந்தால், அது விலைமதிக்க இயலாத சான்றாம். எழுத்து இல்லையேல் அது மேசைமேல் தாள் பறவாதிருக்க வைக்கும் கல்லே.

காங்கேயத்தை அடுத்த படியூரும் அவ்வாறே. கடல் நீரின் நிறம் கொண்ட பெரில் என்னும் மணி அங்கே கிடைத்தது. பண்டைத் தமிழகத்தின் பெரில் மணியை உரோம நாட்டவர் விரும்பி வாங்கினர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும், பாதி செதுக்கிய மணிகளும், உடைந்த சில்லுகளும் கிடைத்துள்ளன. அச்சில்லுகளை எந்தக் குழியிலிருந்து கொணர்ந்தனர் என்று அறிய வேண்டின், குழிகளிலிருந்து எடுத்த கற்களும் ஒப்பு நோக்கக் கிடைத்தல் வேண்டும். குழிகள் தூர்ந்தபின், இடம் குறித்துக் காத்த கல்லே அதற்குத் துணை. நகரை ஒட்டிய கல்லுடைக்கும் குழிகளின் நிலையும் இதுவே. குன்றத்தூருக்கு அண்மையில் உள்ள சிக்கராயபுரம் கற்குழிகளில் உடைப்பு நின்று நீர் தேங்கியது. 2017 ஆம் ஆண்டு வறட்சியில் அந்நீரே தூய்மை செய்யப்பட்டுச் சென்னை மக்களின் தாகம் தணித்தது. மக்களுக்கு அது நலமே. எனினும் அக்குழிகளின் அடிப்பாறையை இனி எவரும் எளிதிற் காண்பதற்கில்லை.

ஆதலின் கல் சேர்க்க விரும்பும் மாணவர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். நிலத்திற்கு உரியவரிடம் இசைவு பெற்ற பின்னரே எடுத்தல் வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கத்திலும் நீர் நின்ற கற்குழியிலும் இறங்குதல் ஒருபோதும் ஆகாது. விளிம்பு இடிந்து விழும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே கொட்டிய கற்குவியலே மாணவருக்கு உரிய இடம். அங்கும் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. கல்லை உடைக்கும்போது கண்ணுக்குக் காப்பு வேண்டும். வெயிலும் மழையும் பட்ட புறத்தோல் கல்லின் உண்மை நிறத்தைக் காட்டாது. புதிதாக உடைந்த முகமே காட்டும். உள்ளங்கை அளவே போதும். எடுத்த இடத்திலேயே, எடுத்த அப்பொழுதே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். வீட்டிற்குச் சென்று எழுதலாம் என்று எண்ணினால் இரண்டு கற்கள் இடம் மாறிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தித்தாளிற் சுற்றல் வேண்டும். பின்னர்க் கல்லின் ஓரத்தில் சிறிது வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் மையால் எண் இட வேண்டும். அதே எண் சீட்டிலும் குறிப்பேட்டிலும் இருத்தல் வேண்டும். சீட்டு தொலைந்தாலும் குறிப்பேடு பேசும்.

எடுக்கத் தகாதனவும் உண்டு. செதுக்கிய கற்கருவி, பழைய பானை ஓடு, மணி, காசு ஆகியவை தென்பட்டால் அவற்றை அசைக்காமல் விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ அறிவித்தலே கடமை. அவை கிடக்கும் நிலையே அவற்றின் சீட்டு. எடுத்தால் அது கிழிந்துபோம். திருவக்கரைக் கல்மரங்கள் போலக் காக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு சில்லும் எடுத்தலாகாது. விற்பதற்காகச் சேர்ப்பவன் அழகிய கல்லை நாடுவான். கற்பதற்காகச் சேர்ப்பவன் உண்மையான கல்லை நாடுவான். நிறமூட்டிய கல்லும், வேற்றூர்ச் சீட்டை ஒட்டிய கல்லும் கடைகளில் உலவுவதுண்டு. தெரியாத இடத்தைத் தெரிந்ததாக எழுதுவது, எழுதாது விடுவதினும் பெருந்தீங்கு. எழுதாத சீட்டு பேசாது; பொய்ச் சீட்டோ பிறரை நெடுந்தொலைவு வழி தவறச் செய்யும்.

இவையெல்லாம் தொலைவிலுள்ள சுரங்கங்களுக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் வேண்டா. திருப்பெரும்புதூர் என்னும் பெயரை நிலவியலார் ஒரு பாறை அடுக்கிற்கே இட்டு வழங்குகின்றனர். அவ்வடுக்கின் களிப்பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைத்தடம் பதிந்துள்ளது. ஃபூட் அந்நிலப்பகுதியை ஆராய்ந்து 1873 ஆம் ஆண்டில் எழுதினார். அதன் இலைத்தடங்களை ஃபைஸ்ட்மாண்டல் என்னும் அறிஞர் 1879 ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரகடத்திற்கு அண்மையில் உள்ள வடக்குப்பட்டில், 2022 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்கருவிகளும் பழம்பொருள்களும் வெளிப்பட்டன. சேரப்பணஞ்சேரியைச் சூழ்ந்த நிலம் இவ்வாறு பல காலத்துச் செய்திகளை மடியில் வைத்திருக்கின்றது.

அந்நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் எழுகின்றன. அவற்றால் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அதனைக் குறை கூறுதல் தகாது. கடைக்கால் தோண்டும்போது புதையுண்ட அடுக்கு சில நாள் வெளிச்சம் காண்கின்றது. பின்னர்ச் சிமெண்டுக் கலவையின் அடியில் மறைகின்றது. அந்தச் சில நாளில் அவ்வழியே செல்வோர் அறிஞரல்லர், அவ்வூர்ப் பிள்ளைகளே. கட்டட மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, வெளியே கொட்டிய மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்து, இன்ன ஊர், இன்ன சாலையின் இன்ன பக்கம், இத்தனை அடி ஆழம் தோண்டிய மண், இன்ன நாள் என்று நான்கு வரி எழுத அவர்களால் இயலும். அதற்குப் பொருட்செலவு இல்லை, பெருங்கல்வியும் வேண்டியதில்லை. உண்மையை அன்றே எழுதும் பழக்கம் ஒன்றே வேண்டும். கல்லின் பெயரைப் பின்வருவோர் கண்டு சொல்வர். ஊரின் பெயரை இன்றிருப்போரே எழுதி வைத்தல் வேண்டும்.